பயணப் படங்களும் அவற்றின் வழியே வரும் மனிதர்களும்: வேலூரிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணத்தில் எடுத்த படங்களை இணையத்தில் பகிர்ந்து, அதன் வழியாக வெளியூர்க்காரர்களோடு நெருக்கமாகப் பழகி வருபவர்கள் பழைய வட ஆர்க்காடு வட்டாரத்தில் இன்று பலர் இருக்கிறார்கள். வேலூரில் இருந்துகொண்டு இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கேமரா வாங்குவது, பின்தொடர்பவர்களை எப்படிப் பெருக்குவது என்பவை பற்றி இங்கே எதுவும் இல்லை.

முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரு படத்தின் வழியாக உண்மையான பழக்கம் உண்டாகுமா?

உண்டாகும். ஆனால் அதற்குப் படம் மட்டும் போதாது. பார்த்தவர் ஒன்றைக் கேட்க வேண்டும்; எடுத்தவர் அதற்காகச் சற்று மெனக்கெட வேண்டும்.

கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1832-இல் இங்கேயே காலமானார். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது. உள்ளூரில் பெரும்பாலோர் அந்த வழியே போவார்கள், வருவார்கள். உள்ளே நுழைந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தச் சமாதியை நான் படமெடுத்துப் போட்டபோது, கண்டியில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அங்குள்ள அரண்மனையின் படத்தைப் பதிலாக அனுப்பினார். ஒரே மனிதர் அரசாண்ட இடமும் அவருடைய வாழ்க்கை முடிந்த இடமும் இரண்டு படங்களாக அடுத்தடுத்து நின்றன. அதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல தற்செயல், அவ்வளவுதான். அவர், அருகில் இருக்கும் குடும்பத்தினரின் சமாதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அதைப் படித்துச் சொல்வதற்காகவே மறுபடியும் அங்கே போனேன். பிறகு நான் கேட்ட ஒரு சந்தேகத்துக்காக அவர் தம் ஊரில் ஒரு நூலகத்துக்குப் போனார். ஒருவர் கேட்டதற்காக இன்னொருவர் தம் பொழுதைச் செலவிட்ட பிறகுதான் அந்தப் பழக்கத்துக்கு எடை வந்தது. இந்தப் பக்கத்தில் உள்ள மற்றப் பதில்களையும் பெரும்பாலும் இந்த அளவுகோலை வைத்தே எழுதியிருக்கிறேன்.

அழகான படங்களுக்கு லைக் குவிகிறது. ஆனால் யாரும் பேசுவதில்லை. ஏன்?

ஏலகிரியில் புங்கனூர் ஏரியின் மேல் விழும் மாலை வெயிலைப் படமெடுத்தால் அது அழகாகத்தான் இருக்கும். பார்ப்பவர் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் படத்தில் அவர் சொல்வதற்கோ கேட்பதற்கோ எதுவும் மிச்சமில்லை. குறையற்ற படம், விருந்தினர் உட்காரத் தயங்கும் அளவுக்குத் துடைத்து வைத்த கூடம் போன்றது.

பேச்சைத் தூண்டும் படம் பெரும்பாலும் ஏதோ ஒரு விவரத்தைப் பாதி காட்டி நிற்பது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். ‘திருவாரூர் தேரழகு’ என்று தொடங்கும் பழைய வழக்கில் ‘திருவிரிஞ்சை மதிலழகு’ என்று பெயர் வாங்கிய ஊர் அது. ஆகவே எல்லோரும் மதிலையே எடுக்கிறார்கள், அதிலும் ஒரே கோணத்தில். ஆனால் கோயிலுக்குள், நிழலை வைத்து நேரம் பார்ப்பதற்காக அரைவட்டமாக எண்கள் செதுக்கிய ஒரு கல் இருக்கிறது. அதிலுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் நேரத்தைக் காட்டும். கோயில்களில் கைப்பேசிக் கட்டுப்பாடு கடுமையாவதற்கு முன் எடுத்த அந்தக் கல்லின் சாதாரணமான படம் ஒன்றுக்கு வந்த கேள்விகளை வைத்துத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எந்த மாதத்தில் எடுத்தது, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, எந்த வகை எண்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஒருவர், சூரியன் காட்டும் நேரமும் கடிகார நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைத் தம் மாணவர்களுக்கு விளக்க அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் இன்றுவரை என் நண்பர்.

எனவே, நீங்கள் வியந்ததைக் காட்டுவதைவிட உங்களுக்குப் புரியாததைக் காட்டுவது மேல் என்பது என் கருத்து. வள்ளிமலையில் முருகனை வணங்க ஏறுபவர்கள் உண்டு. அதே மலையிலுள்ள சமணக் குகைச் சிற்பங்களைப் பார்க்க ஏறுபவர்களும் உண்டு. அங்குள்ள கல்வெட்டுகளில் கங்க மன்னன் இராசமல்லனின் பெயர் வருகிறது. கன்னட மொழியில் அமைந்தவையும் இருக்கின்றன. ‘இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உண்டா?’ என்ற ஒரு வரியோடு போட்ட படத்துக்குக் கர்நாடகத்திலிருந்து பதில் வருவது இயல்பு. ‘பிரம்மாண்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

படக்குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

ஊர்ப் பெயர், எடுத்த மாதமும் ஆண்டும், போன வழி, உடன் பேசியவர் சொன்ன ஒரு செய்தி ஆகியவை இருந்தால் போதும். உணர்ச்சியை விவரிக்கும் வரிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரில் நம் வட்டாரத்துக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமாயிற்று. எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. ஆகவே ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டம். ஆர்க்காடே இராணிப்பேட்டை மாவட்டம். ஆனால் எழுபதுகளில் சிங்கப்பூருக்கோ பம்பாய்க்கோ போன ஒருவர் தம் ஊரைத் தேடும்போது ‘வட ஆர்க்காடு’ என்றுதான் தேடுவார். அவருடைய பேரன் ‘வேலூர்’ என்று தேடுவான். இன்றைய மாவட்டப் பெயரோடு பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சோளிங்கர், தக்கோலம், மேல்பாடி போன்ற ஊர்களின் படங்களை இப்படி எழுதிப் போட்டபோது, அந்த ஊரை விட்டு வெகு காலத்துக்கு முன் கிளம்பிய குடும்பங்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அவர்களில் சிலர் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பேருந்து நிற்கும் இடத்தில் இருந்த புளியமரம் இன்னும் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள்.

வரலாற்றுச் செய்தியை எழுதினால் சரிபார்த்து எழுதுங்கள். மேல்பாடியில் உள்ள அரிஞ்சிகை ஈச்சரம், முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயனின் நினைவாகக் கட்டிய பள்ளிப்படை. இந்த ஒரு வரி போதும். கேட்பவர் மேலும் கேட்பார். பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டிய தலபுராணத்தை யாரும் படிப்பதில்லை.

நான் அதிகம் பயணம் செய்வதில்லை. வேலூரிலேயே இருப்பவர் பகிர என்ன இருக்கிறது?

நமக்கு அன்றாடமாக இருப்பது இன்னொருவருக்குப் பயணம். அகழி சூழ்ந்த கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். இதையெல்லாம் பாடநூலில் படித்த ஒருவர் உங்களிடம் கேட்கப்போவது ஆண்டுகளை அல்ல. கோடையில் அகழியில் தண்ணீர் எவ்வளவு இருக்கும், காலை நடைப்பயிற்சிக்கு யார் யார் வருவார்கள் போன்றவற்றைத்தான் கேட்பார். அவற்றுக்கு ஊர்க்காரர்தான் பதில் சொல்ல முடியும்.

பாலாறும் அப்படித்தான். பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆறு, 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியபோது, வெளிநாடுகளில் இருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம்காரர்கள் ஒரு படத்துக்காக ஏங்கினார்கள். அதே பாலத்தில், அதே இடத்தில் நின்று வறண்ட ஆற்றையும் வெள்ளத்தையும் எடுத்து அருகருகே போட்டவர்களுக்கு வந்த பதில்கள் வெறும் வியப்பாக இல்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா, தனியாக இருக்கும் பாட்டியை யாராவது பார்த்துவர முடியுமா என்று கேட்டார்கள். சிலர் போய்ப் பார்த்தும் வந்தார்கள்.

சிகிச்சைக்காக வேலூருக்கு வருபவர்கள் பகிரும் படங்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வேலூருக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பெரும் பகுதியினர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ இடம் வளர்ந்து கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக நிற்கிறது. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளியோடு வருபவர்கள் அதைச் சுற்றியுள்ள விடுதிகளில் நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அந்தத் தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். பரிசோதனை முடிவு வரும்வரை செய்ய ஒன்றுமில்லாத மாலையில், உடன் வந்தவர் கோட்டைப் பூங்காவுக்கு நடந்து வந்து அகழியைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறார்.

அந்தப் படத்தைப் பார்க்கும் ஊர்க்காரர், கோட்டையின் பெருமையை விளக்கத் தொடங்குவது பொருத்தமற்றது. நோய் என்ன என்று கேட்பதும் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மருத்துவ ஆலோசனை எதுவும் சொல்லவே கூடாது. அவர்களுக்குத் தேவைப்படுவது சிறிய, உறுதியான செய்தி. கடுகெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும், சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறை எந்தப் பக்கம், காட்பாடி ரயில் நிலையத்துக்கு ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்டால் நியாயம், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை மூடியிருக்கும் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். கைப்பேசியிலேயே உள்ள மொழிபெயர்ப்பு வசதி இதற்குப் போதும். எளிய, குறுகிய வாக்கியங்களாக எழுதினால் பிழை குறையும்.

இப்படித் தொடங்கிய பழக்கங்களே நீண்ட நாள் நிற்பதை நான் கவனித்திருக்கிறேன். ஊர் திரும்பியவர், பல மாதங்களுக்குப் பின் தம் வீட்டுக் குளத்தின் படத்தை, துர்கா பூஜைப் பந்தலின் படத்தை, குணமான தாயார் வாசலில் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்புவார். சிலர் ஒன்றும் அனுப்ப மாட்டார்கள். அப்போது நாமாக ‘என்ன ஆயிற்று’ என்று கேட்காமல், கோட்டையின் புதுப் படம் ஒன்றை அனுப்பி நலம் விசாரித்தால் போதும். பதில் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவர் விருப்பம்.

மருத்துவமனைத் தாழ்வாரம், காத்திருப்போர் வரிசை, சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோரை எடுத்த படங்களை எந்தக் காரணத்துக்காகவும் பொதுவில் போடாதீர்கள். உங்கள் குடும்பத்தினரை எடுத்த படத்தில்கூடப் பின்னணியில் வேறொரு வீட்டின் துயரம் பதிவாகியிருக்கும்.

எந்தத் தளத்தில் பகிர்வது நல்லது?

தளம் இரண்டாம்பட்சம், இருந்தாலும் ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. 2010-இல் வந்த இன்ஸ்டாகிராம் வேகமானது. நேற்றுப் போட்ட படத்தைத் தேடி இன்று யாரும் வருவதில்லை. 2004-இல் தொடங்கிய ஃபிளிக்கரில் கூட்டம் குறைவு, ஆனால் பழைய படங்களைத் தேடி வந்து நிதானமாகப் பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே ஆண்டு தொடங்கிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய படத்தை, உரிமக் குறிப்போடும் உங்கள் பெயரோடும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உங்கள் ஊர்க் கோயிலின் படம் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில் இடம்பெற்று, அதைப் பார்த்துவிட்டு ஓர் ஆய்வு மாணவர் உங்களைத் தேடி எழுதுவது அங்கேதான் அதிகம் நிகழ்கிறது. ஃபேஸ்புக்கில் உள்ளூர்க் குழுக்கள் உயிரோட்டமாக இருக்கின்றன, சண்டைகளும் அதற்கேற்ப உண்டு.

வாட்ஸ்அப் தெரிந்தவர்களுக்கானது. அங்கே படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கித் தெளிவு குறைந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலப் படம் அப்படியே போகும். குடும்பக் குழுவில் ஒரே சமயத்தில் எண்பது படங்களைக் கொட்டாதீர்கள். நான்கு படங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் மாமாவும் பேசுவார், பெரியம்மாவும் பேசுவார்.

மனிதர்களைப் படமெடுத்துப் பகிரலாமா?

கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ‘எடுக்கட்டுமா’ என்ற கேள்விக்குக் கிடைத்த சம்மதம், ‘உலகம் முழுவதும் பார்க்கும்படி போடட்டுமா’ என்பதற்கான சம்மதம் ஆகாது.

ஜவ்வாது மலைக்குப் போகும் இளைஞர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டு வாசலில் நின்று, தலையில் சுமையோடு போகும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் எடுத்து, ‘நாகரிகம் தீண்டாத மனிதர்கள்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் மகன் திருப்பத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். அவன் கைப்பேசியிலும் அந்தப் படம் வந்து விழும். அவன் என்ன நினைப்பான் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் போடவே வேண்டாம்.

சம்மதித்து நின்றவருக்குப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல வழக்கம். செலவு சொற்பம். அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும்போது உங்களை வரவேற்க ஒரு வீடு இருக்கும்.

கோயிலுக்குள் எடுத்த படங்களை?

தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் வேறுபடுவதால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கருவறையை எங்கும் எடுக்கக் கூடாது. தடையை மீறி எடுத்த படத்தைப் பகிர்ந்தால் வரும் பேச்சு முழுவதும் அந்தத் தடையைப் பற்றியே இருக்கும். கோயிலைப் பற்றி இருக்காது.

எடுத்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லலாமா?

ஊர்ப் பெயரைச் சொல்லலாம். துல்லியமான இடத்தைச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டிய சூழல்கள் சில உண்டு. காவல் இல்லாத குகை, பராமரிப்பில்லாத சிற்பம், அதிகம் பேர் அறியாத நீர்வீழ்ச்சி ஆகியவற்றின் வரைபடப் புள்ளியை வெளியிட்டால், ரசிகர்களோடு பாறையில் பெயர் கீறுபவர்களும் பாட்டில் உடைப்பவர்களும் வருவார்கள். என் வழக்கம், பொதுவில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவது. வழி கேட்டு எழுதுபவரோடு இரண்டொரு முறை பேசிவிட்டுச் சொல்வது. வழி கேட்டு வந்தவர்களே நண்பர்களான கதைகளும் உண்டு என்பதால், இந்தத் தாமதத்தில் நட்டமில்லை.

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் நாளும் நேரமும், இருப்பிட வசதி இயக்கத்தில் இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகிவிடும். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் முறையும் அந்தப் பதிவைப் பெறுபவருக்குக் காட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினாலோ, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினாலோ அது அப்படியே போகும். வீட்டு மாடியிலிருந்து எடுத்த படமென்றால் உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்ததாகவே ஆகும். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பியவர்கள், திரும்பி வந்த பிறகு படங்களைப் போடுவது நல்லது.

நம் வட்டாரத்துக்கு இன்னொன்றும் பொருந்தும். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் இருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. எல்லையிலிருந்து பிள்ளை அனுப்பும் பனிமலைப் படத்தைப் பெருமையோடு பொதுவில் போட்டுவிட வேண்டாம். 2020-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்குமாறு ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டுப்பாட்டைக் குடும்பத்தார் உடைத்துவிடக் கூடாது. அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கட்டும்.

பழகியவர் நேரில் சந்திக்கலாம் என்கிறார். போகலாமா?

போகலாம், சந்திப்பு இல்லாத பழக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் வளர்வதில்லை. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். காலை நேரத்துக் கோட்டை வாசல் இதற்கு மிகவும் ஏற்றது. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெண்கள் முதல் சந்திப்புக்குத் துணையோடு போவதை மரியாதைக் குறைவாக எண்ணுபவர் சந்திக்கத் தகுந்தவர் அல்லர். சந்திப்பதற்கு முன் ஒரு முறை காணொலியில் பேசிவிடுவது நல்லது, ஏனெனில் இணையத்திலிருந்து எடுத்த பிறர் படங்களைத் தம் பயணம் என்று காட்டிப் பழகுபவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால், அதாவது எந்த வழியாகப் போனீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலே, போய்வந்தவர் யார், போகாதவர் யார் என்பது தெரிந்துவிடும்.

நேரில் சந்தித்தவுடன் இருவரும் சேர்ந்து எங்காவது நடப்பது நல்லது. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வறண்டுவிடும். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைச் சுற்றி வந்தால் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. பிறகு ஆர்க்காட்டுப் பக்கம் போய் மக்கன் பேடா என்ற இனிப்பை வாங்கிக் கொடுத்தால் அந்த நட்பு உறுதிப்படும் என்பது என் சொந்த நம்பிக்கை. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

பணம் கேட்டால்?

நேரில் பார்க்காத ஒருவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பரிசு அனுப்பியதாகவும், அது சுங்கத்தில் சிக்கியிருப்பதாகவும் சொன்னால் அது மோசடியே. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் தாழ்த்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

என் படத்தை வேறொருவர் தம் பெயரில் போட்டுவிட்டார். என்ன செய்வது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒவ்வொரு தளத்திலும் புகார் அளிக்க வழி உண்டு. ஆனால் முதலில் அவருக்கே பணிவாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஊர்ப் பற்றால் எடுத்துப் போட்டவராக இருப்பார்; பெயரைச் சேர்த்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். படத்தின் நடுவில் பெரிதாகப் பெயரை அச்சடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அது திருடுபவரைத் தடுப்பதில்லை. பார்ப்பவரை மட்டும் விரட்டுகிறது.

பல ஆண்டுகளாகப் பகிர்ந்தவை ஒரு நாள் காணாமல் போய்விடுமா?

போகலாம். உலக வரைபடத்தின் மேல் பயணப் படங்களை வைத்துப் பகிர உதவிய பானோராமியோ என்ற தளம், கூகுள் அதை 2007-இல் வாங்கிய பிறகும் நிலைக்காமல் 2016 நவம்பரில் மூடப்பட்டது. படங்களைக் கணினியில் வைத்திருந்தவர்களுக்குப் படங்கள் மிஞ்சின. படங்களுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் நடந்த உரையாடல்கள் போயின. ஃபிளிக்கரும் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என்ற வரம்பை 2018-இல் அறிவித்தது. ஆகவே மூலப் படங்களைத் தனி வட்டில் வையுங்கள். அதைவிட முக்கியம், நெருக்கமானவர்களின் தொலைபேசி எண்ணையும் அஞ்சல் முகவரியையும் தளத்துக்கு வெளியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது. பொங்கலுக்கு ஒரு படத்தை அச்சிட்டுப் பின்னால் நான்கு வரி எழுதி அஞ்சலில் அனுப்பிப் பாருங்கள். அதற்கு வரும் பதில் வேறு விதமாக இருக்கும்.

வீட்டில் பழைய அச்சுப் படங்கள் இருக்கின்றன. அவற்றையும் பகிரலாமா?

கட்டாயம் பகிருங்கள், இன்றைய படங்களைவிட அவற்றுக்கே மனிதர்கள் அதிகம் வருகிறார்கள். ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்து, 1981-இல்தான் மீண்டும் லிங்கம் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கியது. அதற்கு முன் பள்ளிச் சுற்றுலாவில் அந்த வெறும் மண்டபத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படம் உங்கள் அலமாரியில் இருந்தால், அதில் நிற்பவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள், எங்கெங்கோ இருப்பார்கள். ‘மூன்றாவது வரிசையில் இடமிருந்து நான்காவது நான்’ என்று ஒருவர் எழுதினால், மற்றவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள்.

படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுடைய குடும்பத்தார் கிடைத்தால் பொதுவில் போடுவதற்கு முன் அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். காலமானவரின் முகத்தை எதிர்பாராமல் திரையில் பார்ப்பது எல்லோருக்கும் இனிமையாக இராது. கைப்பேசியால் எடுப்பதானால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, சன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்க வேண்டாம். பின்பக்கத்தையும் தவறாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவின் முத்திரை, தேதி, ‘வ.ஆ. மாவட்டம்’ என்று முடியும் முகவரி எல்லாம் அங்கேதான் இருக்கும், ஆளைக் கண்டுபிடிக்க உதவுவதும் பெரும்பாலும் அதுதான்.